தையல் பிரித்த பிறகு யாரைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருமங்கலத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் மெஷினைத் துடைத்துவிட்டு உங்கள் பேப்பரைப் பிரித்தால்தான் எனக்கு அன்றைய வேலையே ஓடும். பேப்பரில் ஆபரேஷன் செய்திகள் நிறைய வருகின்றன. வயிற்றிலிருந்து இத்தனை கிலோ கட்டியை எடுத்தார்கள், இத்தனை மணி நேரம் போராடி ஒரு விவசாயியின் கையை ஒட்ட வைத்தார்கள் என்று படிக்கும்போது மனசு நிறைகிறது, அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அப்படி ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு வருஷம் என்ன பாடு பட்டார், அதில் எதைத் தடவினார், யார் சொல்லித் தடவினார் என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

என் மகளுக்குப் போன வருஷம் மாசி மாசம் ஆண் குழந்தை பிறந்தது. சிசேரியன். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன்தான். நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது 21, 22-தான் வருகிறது. அதாவது நம் ஊரில் தெருவுக்குத் தெரு, வீடு விட்டு வீடு, அடிவயிற்றில் ஒரு தழும்போடு பெண்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் ஒரு ஃபைல், அதில் நாலு பக்கம், எல்லாமே இங்கிலீஷ். மாத்திரை எப்போது போடணும் என்று சிஸ்டர் வாயால் சொன்னார், ஒரு சின்ன ஆயின்மென்ட் டியூபைக் காட்டி, "காலையில ராத்திரி புண்ணு மேல லேசா போடுங்க" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனோம். தையலைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கும்மா, போகலாம்" என்றார்கள். அவ்வளவுதான். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், உள்ளே அடுத்த பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, அதில் தழும்பைப் பற்றி உட்கார்ந்து பேச யாருக்கு நேரம் இருக்கும்? ஆனால் நேரம் இல்லாததால் சொல்லாமல் விட்ட அந்த அஞ்சு நிமிஷப் பேச்சுக்கு என் மகள் அஞ்சு மாசம் கஷ்டப்பட்டாள்.

ரெண்டாவது மாசம் தழும்பு தடிக்க ஆரம்பித்தது. முதலில் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. அப்புறம் வலது பக்க ஓரத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு, ஜாக்கெட் கழுத்துக்கு பைப்பிங் வைத்த மாதிரி எழும்பி நின்றது, நிறமும் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மறு கையால் சேலைக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அது கத்திரி வெயில் காலம் வேறு, மடிப்பில் வேர்வை தங்கி இன்னும் எரிந்தது.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். சம்பந்தியம்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போடச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் வைட்டமின் ஈ மாத்திரையை ஊசியால் குத்தி அந்த எண்ணெயைத் தடவச் சொன்னாள். எல்லோரையும் மிஞ்சி நான் ஒரு காரியம் செய்தேன். நேராக மெடிக்கலுக்குப் போய், "ஆபரேஷன் தழும்பு ரொம்ப அரிக்குதுப்பா, ஒரு ஆயின்மென்ட் குடு" என்று கேட்டேன். கடையில் நின்ற பையன் எந்த இடம், எத்தனை நாள், யாருக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கூச்சப்பட்டுக்கொண்டு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் உண்மை. ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தான், நூறு ரூபாய்கூட இல்லை.

மருந்து பிரமாதமாகக் கேட்டது. நாலே நாளில் அரிப்பு போயே போய்விட்டது. நான் பெருமையாகத் திரிந்தேன், டியூப் தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். ஆறு ஏழு வாரம் போயிருக்கும், ஒருநாள் குளிக்கப் போனவள், "அம்மா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டாள். தழும்பைச் சுற்றி இருக்கிற தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து பளபளவென்று இருந்தது, உள்ளே சிவப்பாக நூல் நூலாக நரம்பு தெரிந்தது. தொடை மடிப்புப் பக்கம் வட்டமாகப் படை வந்திருந்தது. பயந்துபோய் கிரீமை நிறுத்தினோம், நிறுத்தின மூணாம் நாள் அரிப்பு முன்னைவிட ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும், எங்களுக்கு அது எப்போதும் பெரியாஸ்பத்திரிதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோரிப்பாளையத்துக்கு இன்னொரு பஸ், கைக்குழந்தையோடு தோல் ஓ.பி.யில் சீட்டுப் போட்டு உட்கார்ந்தோம். அந்த டாக்டரம்மா டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதை யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?" என்றார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. டியூபின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, இந்தக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம் என்றார். அதில் இருந்தது ஸ்டீராய்டு, அதுவும் ரொம்ப வீரியமான வகை, கூடவே படைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, எல்லாம் ஒரே டியூபில் கலந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதும், அப்புறம் என் மகள் தேடிப் படித்து எனக்குச் சொன்னதும்தான் கீழே எழுதியிருப்பது. என் மண்டையில் உறைத்த முதல் விஷயம் இதுதான்: நாம் எல்லாவற்றையும் 'ஆயின்மென்ட்' என்ற ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அது மூணு வேறு வேறு சாமான்.

முதலாவது, ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்புகிற கிருமி மருந்து. அது புண்ணுக்கு, தழும்புக்கு இல்லை. புண் சீழ் வைக்காமல் இருக்கச் சில நாளுக்கு. தையல் பிரித்து, புண் மூடிவிட்ட பிறகு அதைத் தடவிக்கொண்டே இருப்பதில் பிரயோஜனமே இல்லை, சில வகை கிருமி மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் தடிப்பும் கிளப்பிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் மூட்டு ஆபரேஷன் முடிந்து எட்டு மாசம் ஆகியும் அந்தப் பழைய டியூபைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார்.

ரெண்டாவது, எனக்குக் கொடுத்தார்களே, அந்த ஸ்டீராய்டு. அது அரிப்பை உடனே அமுக்கும். அதனால்தான் நம்பிக்கை வருகிறது. ஆனால் கண்டபடி போட்டால் தோலை மெலிய வைக்கும், படை இருந்தால் அதை மறைத்து உள்ளுக்குள் வளர்த்துவிடும், பச்சைப் புண்ணில் போட்டால் ஆறுவதையே தள்ளிப்போடும். ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ரொம்பத் தடித்துப்போன தழும்புக்குள் தோல் டாக்டர்களே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள், நாலு வாரம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, தழும்புக்குள் மட்டும் இறங்குகிற மாதிரி அளந்து. அது வைத்தியம். நான் செய்தது வைத்தியம் இல்லை.

மூணாவதுதான் உண்மையில் தழும்புக்கென்று இருப்பது, சிலிக்கான் ஜெல். இந்தப் பெயரை அன்றைக்கு முன்னால் நான் கேள்விப்பட்டதே இல்லை. தழும்பு தடிக்காமல் இருக்கவும், தடித்தது அமுங்கவும் உலகம் முழுக்க டாக்டர்கள் முதலில் கை வைப்பது இதில்தானாம். ஜெல்லாகவும் வருகிறது, வெட்டி ஒட்டிக்கொள்கிற மாதிரி மெல்லிய ஷீட்டாகவும் வருகிறது. அதில் மூலிகை சத்து, மந்திரம் எதுவும் இல்லை. தழும்பில் இருக்கிற ஈரம் காற்றில் ஆவியாகிப் போகாமல் மேலே ஒரு மூடி போட்ட மாதிரி நிற்கிறது. ஈரம் தங்கினால் உள்ளே தோல், 'போதும், இதுக்கு மேல அடைக்க வேண்டாம்' என்று தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, அதனால் தடிப்பு குறைகிறது. எனக்குப் புரிந்த பாஷையில் எழுதுகிறேன், டாக்டர்கள் படித்தால் மன்னிக்கவும்.

போடுகிற முறையை அந்த டாக்டரம்மா செய்தே காட்டினார். தழும்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒரு பயறு அளவு ஜெல்லை எடுத்து, மெழுகு பூசின மாதிரி மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். கெட்டியாக அப்பினால் காயாது, துணியில்தான் ஒட்டும். அஞ்சு நிமிஷம் அப்படியே காய விட்டு அப்புறம் துணி உடுத்தலாம். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஷீட் என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டியிருக்க வேண்டும், தினமும் எடுத்துக் கழுவிவிட்டு அதையே திரும்ப ஒட்டலாம், ஆனால் நம் மதுரை வெயிலில் அடியில் வேர்த்து வேர்க்குரு வந்துவிடும், அதனால் என் மகளுக்கு ஜெல்லே போதும் என்றார். குறைந்தது ரெண்டு மூணு மாசம் விடாமல் போட வேண்டும். எப்போது ஆரம்பிப்பது என்பதுதான் முக்கியம். புண் முழுசாக மூடின பிறகுதான், பொருக்கு உதிர்ந்து, நீர் கசிவு எதுவும் இல்லாமல், அது பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம் கழித்து. திறந்த புண்ணில் இதைத் தொடவே கூடாது.

மகள் அப்போதே கேட்டாள், "வைட்டமின் ஈ மாத்திரை எண்ணெய் போடலாமா டாக்டர்?" என்று. 1999-ல் அமெரிக்காவில் மயாமியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தழும்பில் பாதிக்கு வைட்டமின் ஈ, பாதிக்குச் சும்மா களிம்பு. போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று வித்தியாசமே இல்லை, அல்லது இன்னும் மோசமாகியிருக்கிறது, மூணில் ஒருத்தருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் தடித்துவிட்டதாம். பதினஞ்சு பேரை வைத்துப் பார்த்த சின்னச் சோதனைதான், இருந்தாலும் ஊசியால் குத்திப் பிழிவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிக்க அது போதும். வெங்காயச் சாறு சேர்த்த தழும்பு கிரீம் ஒன்று விளம்பரத்தில் வருகிறதே, அதைப் பற்றியும் ஆராய்ச்சிகள் ஒரே மாதிரி பேசவில்லை, சிலதில் பலன் என்கிறார்கள், சிலதில் சாதாரண வாசலினுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்கள். மஞ்சளை ஆறாத தையல் மேல் அப்ப வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வீட்டு மஞ்சள்தூளில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சிலிக்கான் ஜெல் விலைதான் கையைக் கடித்தது. கட்டைவிரல் அளவு டியூப், நான் முதலில் வாங்கினது எழுநூற்றுச் சொச்சம். நாலு ஜாக்கெட் தைத்த கூலி அதிலேயே போயிற்று. ஆனால் காசு இல்லாதவர்கள் ஒன்றுமே செய்ய முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. வாசலின் மாதிரி வெறும் பெட்ரோலியம் ஜெல்லி சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது சிலிக்கானுக்குச் சமம் இல்லை என்றாலும் தழும்பைக் காயவிடாமல் வைத்துக்கொள்ளும், அரிப்பும் குறையும். புண் நன்றாக மூடி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அதையே தொட்டுக்கொண்டு தழும்பை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, அஞ்சு பத்து நிமிஷம் விரலால் வட்டமாக அமுக்கித் தேய்த்துவிட்டால் அடியில் ஒட்டிப் பிடித்திருக்கிற தோல் இளகிக் கொடுக்கும். இதற்குக் காசே வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும்.

ஆமாம், பொறுமை. தழும்பு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்குமாம். மூணு வாரத்தில் மேலே மூடிவிடுகிறது, அதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். மூணு வாரத்தில் பழைய தோலின் பலத்தில் கால்வாசிதான் வந்திருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வராது என்கிறார்கள். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. பட்டுச்சேலை கிழிந்தால் எவ்வளவு நுணுக்கமாக இழை ஓட்டிக் கொடுத்தாலும் அந்த இடம் அந்த இடம்தான். அதனால் 'ஒரே மாசத்தில் தழும்பு மாயமாய் மறையும்' என்று எந்த டியூபில் எழுதியிருந்தாலும் அதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். தழும்பு மறையாது. மெலியும், சமமாகும், நிறம் மங்கும். அவ்வளவு நடந்தாலே பெரிய நிம்மதி.

கிரீம் மட்டும் போதாது என்பதை நான் என் தொழிலில் பார்த்தவள். எனக்கு கர்ப்பப்பை எடுத்தபோது தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாகத் தையல். பாவாடை நாடா சரியாக அந்தத் தழும்புக்குக் குறுக்கே உட்காரும். நாள் முழுக்க மெஷினில் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தால் நாடா அந்த இடத்தை அறுத்துக்கொண்டே இருக்கும், சாயங்காலம் அவிழ்த்தால் தழும்பு மேல் நாடாவின் முறுக்கு அச்சு அப்படியே பதிந்திருக்கும். உரசல் இருக்கிற தழும்பு தடிக்கும், கருக்கும், என்ன கிரீம் போட்டும் வேலை இல்லை. அப்புறம் நானே நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்ற பருத்தித் துணியில் பட்டி வைத்து, நாடாவுக்குப் பதில் பக்கவாட்டில் கொக்கி போட்டு ஒரு பாவாடை தைத்துக்கொண்டேன். இப்போது வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் கேட்டால் அதைத்தான் தைத்துக் கொடுக்கிறேன், கூடுதல் கூலி வாங்குவதில்லை. சிசேரியன் ஆனவர்களுக்கு நாடா அவ்வளவு கீழே வராது, ஆனால் ஜட்டியின் எலாஸ்டிக் அச்சாகத் தழும்பு மேலேயே உட்காரும். ஒரு சைஸ் பெரிதாக, வயிற்றுக்கு மேல் ஏறி நிற்கிற மாதிரி பருத்தியில் வாங்கிப் போட்டால் போதும். இதைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை.

கள்ளிக்குடிப் பக்கமிருந்து ஒரு பெண் வருவாள், மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போகிறவள். அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன். அளவெடுக்கும்போது பார்த்தேன், தழும்பு மெலிந்து நன்றாகத்தான் ஆறியிருந்தது, ஆனால் கரிக்கோடு போட்ட மாதிரி கறுத்திருந்தது. "கிரீம் போட்டும் கறுப்பு போக மாட்டேங்குதுக்கா" என்றாள். விடியக்காலையில் தோட்டத்துக்குப் போனால் பத்து பதினோரு மணி வரை வெயிலில் நிற்கிறாள். புதுத் தழும்பில் வெயில் பட்டால், அதுவும் நம் மாநிறத் தோலில், கறுப்பு இறங்கி மாசக்கணக்கில் நின்றுவிடும். முதல் ஒரு வருஷம் வெளியே தெரிகிற தழும்பை வெயில் படாமல் காக்க வேண்டும். எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடச் சொல்கிறார்கள், அது அவளுக்குக் கட்டுப்படியாகாது. நான் அவளுக்கு வேலைக்குப் போட்டுக்கொள்ள ரெண்டு ஜாக்கெட் காலர் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், முந்தானையைக் கழுத்தைச் சுற்றி எடுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னேன். துணியும் மருந்துதான்.

இன்னொன்று, சாப்பாடு. ஆபரேஷன் ஆன உடம்பு என்று சொல்லி முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், மொச்சை வேண்டாம், கத்தரிக்காய் கூடாது, எலுமிச்சம்பழம் கூடாது, எல்லாம் சீழ் வைக்கும் என்று ரசம் சோறும் ரொட்டியும் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். நானும் முதல் மாசம் என் மகளுக்கு அதைத்தான் செய்தேன். டாக்டரம்மா கேட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறை. தோல் ஒட்டுவதற்கே புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். சீழ் வைப்பது கிருமியால்தான். உள்ளே சத்து போகாமல் வெளியே எவ்வளவு விலைக்கு வாங்கித் தடவி என்ன? சர்க்கரை இருக்கிறவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் புண்ணே மூடாது, தழும்பைப் பற்றிப் பேச்சு எங்கே.

கெலாய்டு பற்றியும் எழுத வேண்டும். என் மகளுக்கு வந்தது அது இல்லை, அவளுக்குத் தழும்பு தடித்தாலும் வெட்டின கோட்டுக்குள்ளேயே நின்றது. கெலாய்டு என்பது கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் படர்ந்து வளரும். நெஞ்சு, தோள், காது மடல், தாடை, இந்த இடங்களில் அதிகம். நம் மாதிரி கறுத்த தோல்காரர்களுக்கு அதிகம், குடும்பத்தில் இருந்தால் இன்னும் அதிகம். காது குத்தின இடத்தில் உருண்டையாக வளர்ந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி வீட்டில் யாருக்காவது இருந்தால், நெஞ்சில் பைபாஸ் மாதிரி ஆபரேஷன் செய்வதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக வரும். இது மெடிக்கலில் கேட்டு வாங்கித் தீர்க்கிற காரியமே இல்லை. அதே மாதிரி தழும்பு சூடாக இருந்தாலும், சீழோ நீரோ கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், இருமும்போது தழும்புப் பக்கம் புடைத்துக்கொண்டு வந்தாலும் எந்த டியூபையும் தேட வேண்டாம், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே ஓட வேண்டும்.

இவ்வளவும் எனக்கு என் மகளின் உடம்பு கெட்ட பிறகுதான் தெரிந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிசேரியன் தழும்பு இருக்கிற இடம் அப்படி, அதை ஒரு பெண் மெடிக்கல் கவுண்டரில் காட்ட முடியாது, புருஷனை அனுப்புவாள், இல்லை என்னை மாதிரி அம்மாவை அனுப்புவாள், வாங்கப் போகிறவருக்கும் விவரம் தெரியாது, கொடுக்கிறவரும் தழும்பைக் கண்ணால் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் பார்க்காத ஒன்றுக்கு மருந்து கைமாறுகிறது. தோலுக்குப் போடுகிற ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அட்டவணை எச்-சில் சேர்த்துவிட்டது. சட்டம் இருக்கிறது. எனக்கு அந்த டியூப் கிடைத்ததும் உண்மை. மருந்துக் கடைக்காரர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன், 'ஆபரேஷன் தழும்புக்கு' என்று யாராவது வந்து நின்றால் ஸ்டீராய்டு டியூபை எடுக்காதீர்கள், டாக்டர் சீட்டைக் கேளுங்கள், நாங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஆஸ்பத்திரிகளை, அரசாங்கமோ தனியாரோ, நான் கேட்பது ஒரே ஒரு தாள். தமிழில். டிஸ்சார்ஜ் ஃபைலில் மேலாக வைத்துக் கொடுங்கள். இந்த டியூப் எது வரைக்கும், தழும்புக்கு எப்போதிலிருந்து எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது, எப்போது திரும்ப வரணும். வாயால் சொல்ல நேரம் இல்லையென்றால் தாள் சொல்லட்டும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு யோசனை உண்டு, இதில் காசு செலவே இல்லை. குழந்தைக்கு ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசத்தில் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். என் மகளும் போனாள். குழந்தையை எடை போட்டார்கள், அட்டையில் எழுதினார்கள், ஊசி போட்டார்கள், பக்கத்தில் நின்ற தாயின் வயிற்றை யாரும் கேட்கவில்லை. தழும்பு தடிக்க ஆரம்பிப்பது சரியாக அந்த மாசங்களில்தான். அந்த நர்ஸ் ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் என் மகளைப் பெரியாஸ்பத்திரிக்கு அப்போதே அனுப்பியிருப்பார், நான் மெடிக்கலுக்குப் போயிருக்க மாட்டேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் பார்க்க வருகிற பெண்களிடமும் இதைச் சொல்லிவைக்கலாம், அவர்களிடம் எங்கள் பெண்கள் கூச்சமில்லாமல் காட்டுவார்கள். 2025 பிப்ரவரியில் அரசு ஊர் ஊராகத் திறந்த முதல்வர் மருந்தகங்களில் சிலிக்கான் ஜெல்லைக் குறைந்த விலைக்கு வைத்தால் பூப் பறிக்கிறவளும் வாங்குவாள்.

என் மகளுக்கு ஸ்டீராய்டை நிறுத்தி, படைக்குத் தனியாக மருந்து கொடுத்து, மெலிந்த தோல் தேறுவதற்கே ரெண்டு மாசம் பிடித்தது. அப்புறம்தான் சிலிக்கான் ஜெல். இப்போது பைப்பிங் மாதிரி நின்றது பெரும்பாலும் அமுங்கிவிட்டது, ஓரத்தில் ஒரு நெல் அளவு மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது. அரிப்பு இல்லை. நிறம் இன்னும் இருக்கிறது.

என் கடையில் அளவெடுக்கிற இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு அட்டையில் இதையெல்லாம் பத்து வரியாக என் கையால் எழுதி மாட்டியிருக்கிறேன். ஜாக்கெட் போட்டுப் பார்க்க வருகிற பெண்கள் நின்று படிக்கிறார்கள், சிலர் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சிலர் சத்தமில்லாமல் தங்கள் தழும்பை எனக்குக் காட்டுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, எட்டாவது வரை படித்த தையல்காரி. ஒரு தோல் டாக்டர் அதே விஷயத்தை முறையாக எழுதிக் கொடுத்தால், உங்கள் பேப்பரிலேயே போட்டால், என் அட்டையைக் கழற்றிவிட்டு அதை வெட்டி அங்கே மாட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.